ஆளிருக்கு அண்ணனும் அப்பாவின் கிடாரும்

திண்டிவனத்தில் ஆளிருக்கு அண்ணன் நடமாடுகிற வரைக்கும் எந்தப் பொருளும் நிம்மதியாகக் கெட்டுப்போக முடியாது. கெட்ட மறுநாளே அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. மல்லாட்டை மண்டியில் தரகு வேலை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதற்காக ஊர் ஊராகச் சுற்றியதில், யார் எந்த வேலையில் கெட்டிக்காரர் என்பது அவருக்கு அத்துப்படி. எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆளு இருக்கு" என்பார். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஆள் இருப்பதில் தப்பில்லை. பக்கத்துக் கடையில் இருக்கிற ஆளை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார் என்பதுதான் தொல்லை. என் குடை உடைந்தபோது கம்பிக்குப் பெருமுக்கல்லில் ஒருவர், துணிக்குக் காணையில் ஒருவர் என்று ஏற்பாடு செய்தார். குடை திரும்பி வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. "அடுத்த மழைக்கு ரெடியா கீதில்ல?" என்றார். இன்னொரு முறை குக்கர் விசில் அடிக்கவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குக்கரோடு என்னையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று வீட்டில் ஓட்டல் சாப்பாடு. அதிலிருந்து அவர் எதிரில் எதுவும் கெட்டுப்போனதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து, "அடடே, மணி நாலாயிடுச்சே" என்று சமாளித்திருக்கிறேன்.

ஆனால் அப்பாவின் கிடார் விஷயத்தில் நானேதான் அவரைத் தேடிப் போனேன்.

அப்பா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசித்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, பாதிதான் எழுந்தது. விரல்கள் தனித்தனியாக மடங்கவில்லை. கம்பியை அழுத்த முடியவில்லை. மனுஷர் பேச்சையே நிறுத்திவிட்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

அப்போதுதான் பரண்மேல் கிடந்த பழைய ரெசனேட்டர் கிடார் எனக்கு நினைவு வந்தது. உடம்பு முழுக்க உலோகம். வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியத்தில் ஒரு கூம்பு. கம்பி அதிர்ந்தால் கூம்பும் அதிர்ந்து ஓசையைப் பெரிதாக்கும். அதை மடியில் படுக்கவைத்து, ஓர் இரும்புத் துண்டை உள்ளங்கைக்குள் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டே போனால் போதும். விரல் மடங்க வேண்டியதில்லை. அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே வாத்தியம் அதுதான். இறக்கிப் பார்த்தால், பரணில் அதன்மேல் யாரோ அம்மிக்குழவியை வைத்திருந்தார்கள். கூம்பு நசுங்கியிருந்தது. கம்பியைத் தொட்டால் தொண்டை கட்டியதுபோல் கர்ரென்றது. அப்பா ஒரே ஒரு தடவை மீட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் கேட்டேன். "பார்ட்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணும், கிடைக்கிறது கஷ்டம். ஷோகேஸ்ல வையுங்க மேடம், அழகா இருக்கும்" என்றார்கள். வந்த வேகத்தில் மண்டிக்குப் போனேன்.

ஆளிருக்கு அண்ணன் கிடாரைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "உள்ள ஸ்பீக்கர் கீது தங்கச்சி. ஸ்பீக்கருக்கு ஆளு இருக்கு."

"அண்ணே, அது ஸ்பீக்கர் இல்ல..."

"நீ ஜல்தி வாம்மா. அவரு சாப்பாட்டுக்குப் பூடுவாரு."

மைக் செட் கடைக்காரர் மூடியைக் கழற்றிக் கூம்பை வெளியே எடுத்தார். "ஸ்பீக்கர் காயில் எங்க?" என்றார். காயில் கிடையாது என்றேன். ஒயர் எங்கே என்றார். ஒயரும் கிடையாது என்றேன். "அப்பறம் எப்பிடிம்மா பாடும்? எவனோ கழட்டிக்கினு பூட்டான்" என்று எனக்காக வருத்தப்பட்டார். புது ஸ்பீக்கர் போட்டு, புளூடூத்தும் வைத்துத் தருவதாகச் சொன்னார்.

அடுத்தவர் ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர். எந்த ஓட்டை என்று பார்க்கக் கிடாரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கப் போனார். அப்புறம்தான் மேலே அழகுக்காகப் போட்டிருந்த துளைகளைக் கவனித்தார். "இம்மாம் ஓட்டைய வெச்சிக்கினு இதுல இன்னாத்தம்மா ஊத்தினீங்க?" என்றார். நான் கிடாரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"பேஜாரா போச்சு. விட்டுடலாம்ணே" என்றேன்.

"ரெண்டு ஆளு தப்பா பூட்டாங்கன்னா, சரியான ஆளு கிட்டத்துல வந்துட்டோம்னு அர்த்தம்" என்றார் அண்ணன், கொஞ்சமும் கலங்காமல்.

மறுநாள் விழுப்புரத்துக்குப் பஸ். கூம்பு என் கைப்பையில். உறை போட்ட கிடார் ஜன்னலோர சீட்டில். கண்டக்டர், "யோவ், இது இன்னாய்யா?" என்றார். "பேஷண்ட்டு. காத்து படணும்" என்றார் அண்ணன்.

போய்ச் சேர்ந்த இடம், சாமி சிலைகளுக்குக் கவசம் செய்கிற பத்தர் ஒருவரின் பட்டறை. மெல்லிய தகட்டை அரக்கின்மேல் வைத்துத் தட்டித் தட்டி முகம் வரவழைக்கிறவர். நசுங்கலை எடுக்க இதைவிட நல்ல கை கிடைக்காது என்று எனக்கே பட்டது. ஆனால் ஆடி மாசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரிலுள்ள அம்மன்கள் எல்லோருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆடி போகட்டும் என்றார் பத்தர். அண்ணன் சட்டைப்பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்து அவர் கையில் வைத்து, "இதுவும் சாமி காரியம்தாங்க" என்றார். சர்ச்சில் வாசிப்பதும் சாமி காரியம்தானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். பத்தர் கூம்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். உறையைத் திறந்து கிடாரை யாரும் காட்டவில்லை.

அடுத்த வாரம் போனோம். நசுங்கல் இருந்த இடமே தெரியவில்லை. ஆனால் பத்தர் இன்னும் சிற்றுளியும் சுத்தியலுமாகக் குனிந்திருந்தார். விளிம்பில் ஒரு தாமரை இதழ் முழுசாக மலர்ந்திருந்தது. அடுத்தது பாதி மலர்ந்திருந்தது.

"ஐயோ, இன்னா பண்றீங்க?"

பத்தர் நிதானமாக நிமிர்ந்தார். "அம்மனுக்குக் குடைன்னு நெனச்சேம்மா. அலுமினியத்துல இருக்குதே, வசதியில்லாத கோயில் போலன்னு நானே பூ வெச்சிக்கினு இருக்கேன். சுத்தியும் இதழு இருந்தாதானே லட்சணம்?"

அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சாமி காரியம் என்று கொடுத்தால் தாமரைதான் வரும். நான் அண்ணனை முறைத்தேன். அவர் கூம்பை வாங்கித் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். பஸ்ஸில் திண்டிவனம் வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "உங்க அப்பா சாரு மூஞ்சில எப்பிடிம்மா முழிப்பேன்?" என்றார்.

வீட்டில் கூம்பைப் பொருத்திக் கம்பி கட்டினோம். அப்பா கிடாரை மடியில் வாங்கிக்கொண்டார். இரும்புத் துண்டை உள்ளங்கையில் திணித்துவிட்டேன். வலது கையால் மீட்டி, இடது கையை மெல்ல நகர்த்தினார். கர்ரென்ற சத்தம் இல்லை. மணியோசைபோல் நீண்டு வீடு முழுக்கப் போய்விட்டு வந்தது. ஒரு கம்பியில் மட்டும் லேசாக ஒரு கிணுகிணுப்பு. அது தாமரையின் வேலை. அப்பா அதே கம்பியைத் திரும்பத் திரும்ப மீட்டினார். அண்ணன் கதவோரம் குற்றவாளியாக நின்றார்.

"பழைய சத்தம் இல்ல இது" என்றார் அப்பா. "சலங்கை கட்டிக்கினு பாடுது. பரவால்ல, நல்லாத்தான் இருக்குது."

அப்பா இவ்வளவு பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அண்ணன், "அப்ப ஒர்க் ஆவுதா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டு, சுரம் எதுவும் தெரியாது. சத்தம் வருகிறதா, நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

இப்போது தினமும் சாயங்காலம் கண்டிஷன் பார்க்க வருகிறார். அப்பா வாசிக்கும்போது மல்லாட்டை உடைத்துத் தின்கிறார். "யோவ், தாளம் தப்புதுய்யா!" என்று அப்பா கத்துகிறார். அவரும் விடாமல் எதிர்த்துப் பேசுகிறார். எங்கள் வீட்டில் இப்போது ஒரே கூச்சல்.

அவர் வருகிற நேரமானால் அப்பா வலது கையாலேயே தலை வாரி, சலவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால், நானும் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலை எட்டிப் பார்க்கிறேன்.