தடாதிபதியின் தாலாட்டு

பாட்டுப் பாடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். பாட்டுக் கேட்கிறவர்களைத் தெரியும். கேட்காமலே தலையாட்டுகிறவர்களையும் சபைகளில் பார்த்திருப்பீர்கள். நான் இப்போது காட்டப்போகிறவர் இந்த மூன்றிலும் சேராதவர். இவர் பாட்டை அடுக்குகிறவர்.

கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு வைத்திருப்பார். அதில் ஓடும் இலவச ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி டிராக், அதாவது ஒலித்தடம், போட்டு, டிராக்குக்குப் பெயர் வைத்து, பெயருக்கு நிறம் கொடுத்து, ஒரே நிறத்தவர்களை ஒரு குழுவாக்கி, அந்தக் குழுக்களை இன்னொரு பெரிய குழுவுக்குள் குடிவைத்து, கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தலையைச் சாய்த்து, நீலம் ஒரு பிடி தூக்கலாகிவிட்டதோ என்று பார்ப்பார். பார்ப்பார். கேட்க மாட்டார்.

"பாட்டு எப்படி வந்திருக்கு?" என்று விசாரித்துப் பாருங்கள். "டிரம்ஸை எல்லாம் மடிச்சு வச்சுட்டேன்" என்று பதில் வரும். வெளுத்த துணியை மடித்து அலமாரியில் வைத்த நிம்மதி அந்த முகத்தில் தெரியும்.

எங்கள் குடியிருப்பில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். விடுமுறை நாட்களில் அவர் வீட்டுப் பின்னறையில் கூடி வாசிக்கிற நாங்கள் சிலர் அவருக்குத் தடாதிபதி என்று பட்டம் கொடுத்திருக்கிறோம். மடங்களுக்கு அதிபதி உண்டென்றால் தடங்களுக்கு ஒருவர் இருக்கக் கூடாதா? நான் அங்கே புல்லாங்குழல் வாசிப்பவன். சுமாராக என்று நண்பர்கள் சொல்வார்கள்; நான் அப்படிச் சொன்னதில்லை.

தடாதிபதியின் பேச்சு எளிதில் பிடிபடாது. ஒருநாள் லிஃப்டில், "புதுக் கர்னல் வந்திருக்கார், பழைய கர்னலை வீட்டுக்கு அனுப்பியாச்சு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு வந்தார். லினக்ஸின் அடிவயிற்றில் இருந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற பகுதிக்கு அப்படி ஒரு பெயர். கூட வந்த மேல்வீட்டுக்காரருக்கு அது தெரியவில்லை. அன்றிலிருந்து தடாதிபதியைக் கண்டால் முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். நானும் திருத்தவில்லை.

இவ்வளவு ஒழுங்கான மனிதரின் வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சாவியைத் தேடாமல் அவர் வேலைக்குப் போன நாளில்லை. ஒரு காலுறை கிடைத்தால் அதன் ஜோடி வேறு அறையில் இருக்கும். "அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போட்டிருந்தா உடனே கிடைச்சிருக்கும்" என்பார் அவர் மனைவி, கட்டிலுக்கு அடியிலிருந்து.

இந்த வீட்டுக்குத்தான் அவர் தங்கை ஒரு வேலையோடு வந்தாள்.

தங்கை பாலர் பள்ளி ஆசிரியை. மதியச் சாப்பாடு முடிந்ததும் குழந்தைகளைப் பாயில் படுக்க வைத்து, மேசையை விரலால் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவாள். அவளே கட்டிய பாட்டு. 'மேகம் படுத்தாச்சு, மேசையும் படுத்தாச்சு, நீ மட்டும் ஏன் முழிச்சிருக்கே' என்று போகும். அது முடிவதற்குள் வகுப்பே உறங்கிவிடும். வருடக்கணக்காகக் குழந்தைகளோடு கத்தியதில் அவள் தொண்டையில் சிறு கட்டி வந்திருந்தது. அறுவை செய்தாக வேண்டும்.

"குரல் திரும்பி வரும். ஆனா இதே குரலான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது" என்றிருந்தார் டாக்டர்.

தங்கை அண்ணனிடம் கேட்டது சின்ன விஷயம். "நான் லீவுல இருக்கும்போது பசங்களுக்குப் போட்டுக் காட்ட இந்தப் பாட்டை மட்டும் பதிஞ்சு குடுண்ணா. எனக்குப் பதிலா வர்ற டீச்சருக்குப் பாட வராதாம்."

தடாதிபதி சிலிர்த்துப் போனார். வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, அவளைச் சுற்றி மைக்குகளை நட்டு, பாடச் சொன்னார். அவள் மேசையைத் தட்டிக்கொண்டு பாடினாள். ஒரே முறை. வாசிக்கக் கூடியிருந்த நாங்கள் சுவரில் சாய்ந்துகொண்டோம். கிதார்க்காரர் நிஜமாகவே கொட்டாவி விட்டார். வேலை அதோடு முடிந்தது. எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போக விடுவாரா? தாலாட்டுக்கு மூன்று வகைக் கிதார் வந்தது. டிரம்ஸ் வந்தது. என் புல்லாங்குழல் வந்தது. அது மட்டும் தேவையாகத்தான் இருந்தது என்பது என் கட்சி. பின்னணிக் குரலாகத் தடாதிபதியே எட்டு விதமாக 'உம்' கொட்டினார். தங்கை இடையில் தண்ணீர் குடித்த சத்தம்கூடத் தனி டிராக்காகப் பிரிந்து, 'நீர்' என்ற பெயரோடு இளநீல நிறம் பெற்றது. டிராக்குகள் நூறைத் தாண்டின.

பிறகு அடுக்குதல் ஆரம்பித்தது. ஒரு வாரம் கழித்து மனைவி கேட்டார், "என்னங்க, பாட்டு ஆச்சா?"

"கிதாரை எல்லாம் ஒரே பஸ்ல ஏத்திட்டேன்."

பல டிராக்குகளின் ஒலியை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் வழிக்கு அந்தத் தொழிலில் பஸ் என்று பெயர். மனைவிக்கு அது தெரியும். தெரிந்தும், "பஸ் எப்ப கிளம்பும்?" என்றார்.

"டிரம்ஸ் இன்னும் ஏறல."

அறுவைக்கு முந்தைய நாள் தங்கை பாட்டைக் கேட்க வந்தாள். தடாதிபதி அவளை உட்கார வைத்து, குழுக்களைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார், ஒரு பொத்தானில் எல்லா 'உம்'களும் மறைந்து மறு பொத்தானில் திரும்புவதைக் காட்டினார். அவள் பொறுமையாகப் பார்த்தாள். குழந்தைகள் களிமண்ணில் செய்த யானையைப் பார்த்துப் பழகியவள்.

"அழகா இருக்குண்ணா. பாட்டு எங்கே?"

"அதுதான் இது எல்லாமே."

"கேக்கலாமா?"

"இப்ப கேட்டா உனக்குத் தப்பான அபிப்பிராயம் வந்துடும். ரெண்டே நாள்."

அவளுக்கு அந்த இரண்டு நாள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போய், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்காவது வந்துடு" என்றாள். அங்கே அவர் தவறாமல் போனார்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்கள் பேசக் கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு. பள்ளியில்தான் நிலைமை மோசம். புது டீச்சர் தடாதிபதியின் மனைவிக்குப் போன் செய்தார்.

"பாட்டு வருதுன்னு சொன்னாங்களே, வந்துடுச்சாங்க? மதியம் ஒரு பிள்ளையும் தூங்க மாட்டேங்குது. ஒண்ணு மேசையைத் தட்டிப் பார்த்துட்டு வந்து, மேசை கெட்டுப்போச்சுங்குது."

மனைவி அதை அப்படியே கணவரிடம் ஒப்பித்தார். தடாதிபதி உண்மையாகவே மனம் நொந்துபோனார். நொந்த மனிதர் என்ன செய்வார்? கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்து, இனி எந்தப் பாட்டுக்கும் இப்படித் தாமதம் ஆகாதபடி, எல்லாக் குழுக்களும் முன்கூட்டியே அமைந்த ஒரு காலி மாதிரியைத் தயாரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு பிற்பகல் தங்கை வந்தாள். என் டிராக்கின் பெயர் நீளமாக இருக்கிறது, சுருக்க அனுமதி வேண்டும் என்று அவர் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். அவள் நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

தடாதிபதி விளக்க ஆரம்பித்தார். வழக்கமாக மூன்றாவது வாக்கியத்தில் அவள் "போதும்ணா" என்பாள். இப்போது சொல்ல முடியாது. எனவே விளக்கம் ஓடியது. குழுக்களின் தத்துவம், நிறங்களின் நியாயம், இலவச மென்பொருளின் விடுதலை, விடுதலைக்கும் பெயர் சூட்டுவதற்கும் உள்ள உறவு. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்க ஆளில்லாத பேச்சு மெல்லத் தள்ளாடியது. தன் குரலைத் தானே கேட்க நேர்ந்தது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"இதெல்லாம் எதுக்குன்னு கேக்குறியா?" என்றார்.

அவள் எதுவும் கேட்கவில்லை.

"எனக்கே தெரியலம்மா." மௌஸிலிருந்து கையை எடுத்து, தணிந்த குரலில், "முடிச்சுட்டா, உன் பழைய குரல் இதோட சரின்னு ஆயிடுமோன்னு பயமா இருந்துச்சு" என்றார்.

தங்கையின் கண் கலங்கியது. எனக்கும் என்னவோ செய்தது. ஆனால் இதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட பாட்டுகளும் முடியவில்லையே, அவை எந்தக் குரலுக்காக நின்றன என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

தங்கை கையை நீட்டி மௌஸை எடுத்துக்கொண்டாள். கிதார் குழுவின் மியூட் பொத்தானை அமுக்கினாள். மூன்று வகைக் கிதாரும் வாயை மூடின. டிரம்ஸ் போயிற்று. 'உம்'கள் ஒட்டுமொத்தமாக அடங்கின. 'நீர்' வற்றியது. நூறு டிராக்குகளைத் தனித்தனியாக ஒடுக்குவதென்றால் பொழுது சாய்ந்திருக்கும். அண்ணன் அவ்வளவு நேர்த்தியாகக் குழு பிரித்து வைத்திருந்ததால் எல்லாம் நொடியில் அடங்கிற்று. அவர் ஒழுங்கினால் உலகத்துக்குக் கிடைத்த முதல் பயன் இதுதான். காற்று வாத்தியங்கள் என்ற பச்சைக் குழுவுக்கு மேலே அம்பு வந்து நின்றது. நான் தொண்டையைச் செருமினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அமுக்கினாள்.

மிஞ்சியது அவள் குரலும், விரல் மேசையில் தட்டும் சத்தமும். மூவரும் கடைசிவரை கேட்டோம். பதிவின்போது திரையையே பார்த்துக்கொண்டிருந்த தடாதிபதி அந்தப் பாட்டை அன்றுதான் முழுதாகக் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எந்த ஃபார்மட்ல..." என்று தொடங்கினார். அவள் பார்த்த பார்வையில், வாயைத் திறக்காமல் கோப்பாக மாற்றிப் பள்ளிக்கு அனுப்பினார்.

மறுநாள் வகுப்பு உறங்கியது. புது டீச்சரும் சேர்ந்து உறங்கிவிட்டதாகக் கேள்வி.

தங்கையின் குரல் திரும்பி வந்தது. கொஞ்சம் கனத்து, ஓரத்தில் லேசாகக் கரகரத்து. வேலைக்குப் போன முதல் மதியம் அவள் பாட ஆரம்பித்ததும் ஒரு சிறுமி எழுந்து உட்கார்ந்தாளாம். "நீங்க பாட வேணாம் டீச்சர். டீச்சர் பாட்டைப் போடுங்க." இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் தங்கை. சிரித்து ஓய்ந்ததும், "இந்தக் குரலுக்குன்னு ஒரு பாட்டுக் கட்டியிருக்கேன்ணா, பதிஞ்சு குடு" என்றாள். அவர் பதிந்தார், மௌஸ் இம்முறை முதலிலிருந்தே அவள் கையில் இருந்தது. அன்று மாலையே முடிந்தது.

வாசகரே, நீங்கள் சிரிப்பது தெரிகிறது. லினக்ஸ் இல்லை, டிராக் இல்லை, நமக்கென்ன என்று தோன்றும். நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, ஆற அமர இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று எங்கேயாவது சேமித்து வைக்க உங்கள் விரல் நகர்ந்ததா? எந்த ஃபோல்டரில் போடலாம் என்று ஒரு கணம் தயங்கினீர்களா? தயங்கியிருந்தால் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன நிறம் கொடுப்பது என்று தடாதிபதியிடம் கேட்டு வைக்கிறேன்.