குச்சி எண்ணுகிறவர்கள்

உங்களுக்கு ஓர் இனத்தைக் காட்டுகிறேன். அதிபர் தேர்தல் வரும்போது மட்டும் எங்கள் தென்கொரியத் தேஜோன் நகரச் சந்தைக்குள் கூட்டமாக வருவார்கள். தோளில் கேமரா, காதில் ஒயர், கழுத்தில் அட்டை. நாட்டை யார் ஆளத் தகுதியானவர் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் தங்கள் வேலை என்பார்கள். நான் பார்த்தவரை அவர்கள் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. வேட்பாளர் எத்தனை குச்சி தின்றார் என்று எண்ணுவார்கள்.

குச்சி என்னுடையது. மீன்மாவைத் தட்டையாகத் தட்டி, மடித்துக் குச்சியில் கோத்து, முள்ளங்கி போட்ட சாற்றில் கொதிக்கவிட்டு விற்கிறேன். ஓமுக் என்போம். அதிபராக ஆசைப்படுகிற எவரும் சந்தைக்கு வந்து இதைத் தின்றே ஆகவேண்டும். சட்டத்தில் அப்படி எழுதவில்லை. ஆனால் சட்டத்தைவிடக் கறாராக நடக்கிறது.

இந்த இனத்தில் தலைசிறந்தவர் நிருபர் குவாக். வேட்பாளர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, "சித்தி, எப்பவும் போல சாதாரணமா இருங்க" என்பார். சொல்லிவிட்டு என் வாளியை மறைப்பார், கையுறையைக் கழற்றச் சொல்வார், பக்கத்துக் கடை பில்நம் அக்காவின் தோஃபுத் தட்டுகளைப் படத்தில் விழாதபடி பின்னால் தள்ளுவார், ஆவி போதவில்லை என்று அண்டா மூடியைத் திறந்து திறந்து மூடவைப்பார். அவர் முடித்தபோது சந்தையில் எப்பவும் போல மிச்சமிருந்தது பூட்டிக் கிடக்கும் கழிப்பறை மட்டும்தான்.

அதைச் சொல்லியாக வேண்டும். குழாய் வெடித்ததென்று சந்தையின் ஒரே கழிப்பறையைப் போன இலையுதிர்காலத்தில் பூட்டினார்கள். வியாபாரிகள் சங்கத்தைக் கேட்டால் நகராட்சியைக் காட்டும், நகராட்சியைக் கேட்டால் சங்கத்தைக் காட்டும். சுரங்க ரயில் நிலையத்துக் கழிப்பறைக்கு நானூற்றுப் பன்னிரண்டு தப்படி. பில்நம் அக்கா எண்ணி வைத்திருக்கிறாள். கடையை விட்டுப் போக முடியாததால் அவள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. பனிக்காலத்தில் நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். இன்னொரு முறை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் சொல்லியனுப்பினார்.

"உன்னத்தாண்டி படம் எடுக்கறாங்க. நீயே சொல்லிடு" என்றாள்.

"எனக்குப் பேச வராதுக்கா."

"எனக்கு மட்டும் அடக்க வருதா?"

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு வாக்கியத்தை மூன்று நாள் அண்டாவுக்கு முன்னால் நின்று மனப்பாடம் செய்தேன்.

வேட்பாளர் வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை "அம்மா" என்றார். குச்சியை எடுத்தார், கடித்தார், கடித்த குச்சியைப் பொதுவான சோயாச் சாற்றுக் கிண்ணத்தில் முக்கினார். அதற்கென்றே பக்கத்தில் தூரிகை இருக்கிறது. தொட்டுத் தடவிக்கொள்ள வேண்டும். எந்தக் குழந்தைக்கும் தெரியும். கேமராக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிண்ணத்தின் மேல் குனிந்தன. அந்த நேரம் பார்த்து என் வாக்கியம் வெளியே வந்தது: "ஐயா, எங்க கழிப்பறையத் தொறந்துவிடச் சொல்லுங்க."

வாய் நிறைய மீனோடு தலையை ஆட்டினார். இரண்டரைக் குச்சி. போய்விட்டார்.

அன்று மாலைச் செய்தியில் கிண்ணம் வந்தது. மறுநாளும் வந்தது. நான்கு அறிஞர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மக்களோடு ஒரே கிண்ணத்தில் முக்கியது நெருக்கமா, நாலு காசுக்குச் சந்தையில் தின்றறியாத திமிரா, மீதி அரைக் குச்சியை வைத்துவிட்டுப் போனவர் பொருளாதாரத்தை மட்டும் முழுதாக முடிப்பாரா என்று வியர்க்க வியர்க்க விவாதித்தார்கள். நானும் வந்தேன். என் வாய் அசைந்தது. குரல் இல்லை. "சந்தைப் பெண்மணி வேட்பாளரை வாழ்த்துகிறார்" என்று செய்தி வாசிப்பவர் அதன் மேல் சொன்னார். பில்நம் அக்கா தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாளாம்.

இரண்டு நாள் கழித்து எதிர் வேட்பாளர் வருவதாக இருந்தது. குவாக் மறுபடி வந்தார். குளிர் அதிகம்; வேட்பாளருக்காகக் காத்திருந்த நேரத்தில் மூன்று கோப்பை அண்டாச் சாறு குடித்தார். நான் சொன்னதை ஏன் போடவில்லை என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"கழிப்பறைன்னு போட்டா யாரு சித்தி பாப்பாங்க? வேற சேனலுக்குப் போயிடுவாங்க."

சற்று நேரத்தில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார். பிறகு என் காதருகே குனிந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டார். நிலையத்தின் பக்கம் கை காட்டினேன். ஓடினார்.

அவர் அந்தப் பக்கம் போக, எதிர் வேட்பாளர் இந்தப் பக்கம் வந்தார். தூரிகையைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார். கேமராவுக்கு ஒரு தடவை, எனக்கு ஒரு தடவை, மறுபடி கேமராவுக்கு ஒரு தடவை தடவிக் காட்டித் தின்றார். அவர் கார் ஏறிய பிறகுதான் குவாக் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"சித்தி, எத்தன?"

"நானூத்திப் பன்னெண்டு" என்றேன்.

அண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பில்நம் அக்கா தோஃபு வெட்டுவதை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தது போதும், அடக்க முடியாது என்று தானே நிறுத்திக்கொண்டாள். நடந்து பார்த்தவருக்குப் புரியாமல் இருக்குமா? புரிந்தது. முகம் ஒரு கணம் மாறியது. உடனே வேறொரு சேனல்காரரிடம் போய்க் கேட்டார். "நாலு" என்றார் அவர். குவாக் நாலு என்று எழுதிக்கொண்டார். அன்றைய தலைப்பும் அதுதான்.

அவரை மட்டும் ஏசி என்ன பயன்? வாக்களிக்கப் போய், திரைக்குள் முத்திரையைக் கையில் பிடித்து நின்றபோது, முதலில் என் கண்ணில் நின்றது அந்தக் கிண்ணம்தான். வெட்கமாக இருந்தது.

நீங்கள் அப்படியில்லை என்று நினைக்கிறீர்கள். சரி, முதலில் வந்தவர் எத்தனை குச்சி தின்றார்? பார்த்தீர்களா, யோசிக்காமலே சொல்லிவிட்டீர்கள். பில்நம் அக்கா ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தாள்?

மேலே போய்ப் படித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவு பூட்டித்தான் இருக்கிறது, அவசரமில்லை.