பேர்சரி ஃபோமும் மேல் மாடிக் கார்ப்பெட்டும்

இண்டைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பேர்சரி ஃபோமில கிராம சேவகரிட்ட ஒரு கையெழுத்து வாங்கிறது.

பஸ்ஸில தொங்கிக்கொண்டுதான் அடிக்கிறன். எழுத்துப் பிழையைக் கண்டுக்காதேங்கோ!

தெரியாத ஆக்களுக்கு: பல்கலைக்கழகம், அதான் கம்பஸ், கிடைச்ச பிள்ளையின்ர வீட்டு வருமானம் குறைவெண்டா மாதா மாதம் உதவிப்பணம் தருவினம். அதுதான் பேர்சரி. அப்பாட சம்பளச் சீட்டு வேணும். வீட்டில இன்னும் எத்தினை பேர் படிக்கினம் எண்டும் பாப்பினம். வருமானம் இவ்வளவுதான் எண்டு கிராம சேவகர், அதான் எங்கட ஜீ.எஸ்., உறுதிப்படுத்தோணும்.

எங்கட அப்பா புறக்கோட்டையில ஒரு புடவைக் கடையில பில் எழுதுறவர். வெள்ளவத்தையில ரெண்டு அறை வாடகை வீடு. "பேர்சரி கிடைக்காட்டி உன்ர கம்பஸ் செலவு, தங்கச்சிட டியூஷன், ரெண்டில ஒண்டுதான்" எண்டு அப்பா சொல்லிட்டார். ஃபோம் குடுக்கக் கடைசி நாள் நாளைக்கு.

தகுதியெண்டு பாத்தா எனக்கு முதல் பரிசே தரலாம்!

ஜீ.எஸ். ஃபோனில "மூண்டு மணிக்கு வீட்ட வந்து பாக்கிறன்" எண்டார். அதை அம்மாட்ட சொன்னதுதான் நான் விட்ட பிழை.

"ஆபீசரோ? இந்த வீட்டுக்கோ?"

"ஓம் அம்மா. எங்களுக்கு வசதி இல்லையெண்டு பாக்கத்தான் வாறார்."

"வசதி இல்லைத்தான். அதுக்காக அதை வாற மனுசருக்குக் காட்டோணுமே?"

பத்து நிமிசத்தில அம்மா மேல் மாடி ஃபரீனா அன்ரி வீட்டில. பதினைஞ்சாவது நிமிசம் நான் ஒரு கார்ப்பெட்டைத் தோளில போட்டுக்கொண்டு படி இறங்கிறன்.

ஏன் இறக்கினனீங்கள் எண்டு கேக்காதேங்கோ. விரிச்சாப் பிறகு அவ்வளவு வடிவு!

பிறகு தங்கக் கரை போட்ட டீ செட். நாலு வெல்வெட் குஷன். நான் அதில சாய்ஞ்சு ஒரு செல்ஃபி வேற எடுத்தன்.

ஜீ.எஸ். வந்தார். சிங்கள ஆள், நல்லாத் தமிழ் கதைப்பார். கார்ப்பெட்டைக் கண்டதும் சப்பாத்தை வாசலிலயே கழட்டிட்டார். அம்மா தங்கக் கரைக் கப்பில தேத்தண்ணியும் தட்டில ரோல்ஸும் கொண்டந்து வைச்சா.

"வெளிநாட்டில சொந்தக்காரர் இருக்கா?"

"என்ர தம்பி கனடாவில! சொந்த வீடு, ரெண்டு கார்!" எண்டா அம்மா.

மாமா எங்களுக்குக் கடைசியா அனுப்பினது வாட்ஸப்பில ஒரு பிறந்தநாள் கேக் படம். அம்மா அதைச் சொல்லேல்ல.

மேசைக்குக் கீழால அம்மாட காலுக்கு ஒரு உதை விட்டன்.

"நங்கி," எண்டு என்னைச் சிங்களத்தில தங்கச்சியாக்கினார் ஜீ.எஸ். ஆறுதலா, "அது என்ட கால்."

பேனையை மூடினார். "நான் பொய் எழுத ஏலாது. இந்த வீட்டைப் பாத்திட்டு வருமானம் குறைவு எண்டு எப்பிடி எழுதுறது?"

நாளைக்குக் கடைசி நாள்! தங்கச்சிட முகம் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டுது.

டொக் டொக். கதவைத் திறந்தன். ஃபரீனா அன்ரி.

"மகள், எங்கட ஊட்டுக்கு திடீரெண்டு சம்பந்தி ஆக்கள் வந்திட்டாங்க. அந்த டீ செட்ட தாங்களேன்."

அம்மா கண்ணால சைகை காட்டுறா. அன்ரி அதைப் பாத்தால்தானே!

"குஷனையும் எடுக்கிறன். ஐயா, கொஞ்சம் காலத் தூக்குங்க, கார்ப்பெட்டையும் சுருட்டணும்."

ஜீ.எஸ். காலைத் தூக்கினார். கார்ப்பெட்டுக்குக் கீழ வெடிச்ச சீமெந்து. குஷனுக்குப் பின்னால பஞ்சு வெளியில வந்த செற்றி. அன்ரி அவரிட கையில இருந்த கப்பையே பாத்துக்கொண்டு நிண்டா. பாவம் மனுசன், சுடச்சுட ஒரே மடக்கில குடிச்சிட்டுக் குடுத்தார்.

கார்ப்பெட்டை மேல தூக்கிக்கொண்டு போனது ஆர்? நான்தான்!

திரும்பி வர, ஃபோமில கையெழுத்து இருந்துது. ஜீ.எஸ். வாசலில சப்பாத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்: "அம்மா, ரோல்ஸ் நல்லா இருந்தது. அதுவும் மேல் வீட்டுதா?"

"அது எங்கட காசு!" எண்டா அம்மா ரோசத்தோட.

ஆகவே, ஃபோமோட இணைக்க வேண்டியவை: சம்பளச் சீட்டு, ஜீ.எஸ். கையெழுத்து, மேல் மாடி அன்ரி.