இயற்கைக்காரியின் முதுகு

பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் ஓட்டலில் சனிக்கிழமை கல்யாணம் என்றால், வியாழக்கிழமை காலையிலிருந்தே பெண்கள் தங்கள் மணிக்கட்டை மோந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பேசிக்கொண்டே இருப்பார்கள். கை மெல்ல மூக்குக்குப் போகும். ஒரு மோப்பம். கை இறங்கிவிடும். நமத்துப்போன பிஸ்கட் வாசனை வந்தால் அது வெள்ளைத் தோலை வெயில்பட்ட பழுப்பாகக் காட்டக் கடையில் வாங்கிய நிறப்பூச்சு; பயப்பட ஒன்றுமில்லை. கொக்கோவும் ஆறிப்போன டீயும் கலந்து மணந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவள் இயற்கைக்காரி.

யார் இந்த இயற்கைக்காரி? தண்ணீர் கலந்த பால்போன்ற தோலோடு பிறந்து, எங்கள் மேயோ மாவட்டத்தின் ஓயாத மழையில் வளர்ந்து, வெயில் என்பதைப் பெரும்பாலும் வானொலியில் கேட்டு, அப்படியிருந்தும் கல்யாணத்துக்குக் கல்யாணம் தேன் நிறத்தில் வந்து நிற்பவள். கடைப் பூச்சைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "அதெல்லாம் விஷம், கண்ணு. நான் இயற்கையா மட்டுந்தான்" என்பாள். அவளைப் பெற்றவள் கொடுத்த நிறம் எதில் சேர்த்தி? அதை நான் கேட்டதில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ஓட்டலின் சலவை அறையில் விரிப்புகளை மடிப்பவள் நான்.

ஆனால் விரிப்புகள் பேசும். ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றைப் பிரித்தால் ஆள் அப்படியே அச்சாகியிருப்பாள்: இங்கே தோள், இங்கே முழங்கால், இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டு அழுதாள். அவளோ சாப்பாட்டு அறையில் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணுமே போடல, சத்தியமா! போன ஞாயித்துக்கெழம தோட்டத்துல பத்து நிமிஷம் உக்காந்தேன், அவ்ளோதான்."

போன ஞாயிற்றுக்கிழமை மழை. அதற்கு முந்தைய ஞாயிறும் மழை. எதிரில் இருப்பவளுக்கும் அது தெரியும். "பொறாமையா இருக்குடி!" என்று சொல்லிவிட்டுத் தன் மணிக்கட்டை மோந்துகொள்வாள்.

அவளுடைய சடங்குகள் சாமானியமானவை அல்ல. சர்க்கரையும் எண்ணெயும் கலந்து உடம்பைச் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள். முழங்கையிலும் கணுக்காலிலும் களிம்பு தடவுவாள், இல்லாவிட்டால் அங்கே மட்டும் கறுப்புத் திட்டு விழும். பிறகு பூசிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, சோளக்கொல்லைப் பொம்மைபோல அரை மணி நேரம் நிற்பாள், உட்காரமாட்டாள், யாரையும் கட்டிக்கொள்ளமாட்டாள், பாத்திரம் கழுவமாட்டாள். கடைசியாகச் சொன்னது அவளுக்குப் பெரிய லாபம்.

இந்த இனத்தின் அரசி எங்கள் சலவை அறையின் மேலாளர் டிம்ப்னா. தேநீர் இடைவேளைதோறும் தன் கையை என் கையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள்.

"இன்னும் ரெண்டு பூச்சுதான். உன்ன எட்டிப் பிடிச்சிருவேன் பாரு!"

நான் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

டிம்ப்னாவுக்கு ஒரு பழைய காயம் உண்டு. முப்பத்தொரு வருடத்துக்கு முன் நடந்த அவளுடைய கல்யாணப் படத்தில், தேவாலயத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் நிற்கிறாள். நிற்கிறாள் என்பது செய்தி. கண்ணுக்குத் தெரிவது இரண்டு புருவமும் ஒரு பூச்செண்டும். கிறிஸ்துமஸ் வந்தால் நாத்தனார் அந்தப் படத்தைக் கையில் எடுப்பாள். "டிம்ப்னா எங்க இருக்கா? கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பெரிய துண்டு கேக்!" எல்லாரும் சிரிப்பார்கள். டிம்ப்னாவும் சிரிப்பாள். அப்போது அவள் கேக்கைத் தொடாமல் இருந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

போன ஜூனில் அவள் மகள் ஓர்லாவுக்குக் கல்யாணம். அதே தேவாலயம், அதே சுவர். மாப்பிள்ளையின் அம்மா ஜெரால்டின், ஏழு வருடமாக ஸ்பெயினில் குடியிருந்து உண்மையான வெயிலில் காய்ந்தவள். படத்தில் சம்பந்திகள் இருவரும் அருகருகே நிற்கவேண்டும்.

"இந்தத் தடவ நான் தெரியணும்" என்றாள் டிம்ப்னா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னை வீட்டுக்கு அழைத்தாள். "முதுகுக்குக் கை எட்டல, கண்ணு. நீதான் யார்கிட்டயும் சொல்லமாட்ட." அடுப்பின்மேல் பெரிய பானை. அதில் வீட்டிலிருந்த நாற்பது டீப்பைகளும், ஒரு டப்பா கொக்கோவும், இரண்டு கரண்டி ஆலிவ் எண்ணெயும். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மொண்டுகொண்டு மாடிக்குப் போனோம். கல்யாணத்துக்கு அவள் போடவிருந்த உடுப்பு பின்புறம் இடுப்புவரை திறந்தது. ஆகவே முதுகிலிருந்து தொடங்கினோம். முதுகுக்கு மூன்று பூச்சு. மிகையாகச் சொல்லவில்லை, வெண்ணெயில் வறுத்த முந்திரிபோல வந்தது. முன்பக்கத்துக்கு ஒரு பூச்சு முடிந்ததும் கிண்ணம் காலி.

"கீழ போயி பானையத் தூக்கிட்டு வா."

போனேன். கீழே வீடு நிறைய ஆட்கள். கல்யாணத்துக்கு முந்திய சாயங்காலம் ரொட்டித் தட்டோடு வந்து நிற்பது இங்கே எல்லாருக்கும் கடமை. வந்தவர் கையில் ஒரு நிமிடத்துக்குள் டீயைக் கொடுக்காவிட்டால் அந்த வீட்டுக்கு அவமானம். டிம்ப்னாவின் அண்ணன் பாட்ஸி பானையைச் சூடாக்கி, பாலை ஊற்றி, சர்க்கரையைப் போட்டு, எல்லாருக்கும் கொடுத்து முடித்திருந்தான்.

"வீட்டுல ஒரு டீப்பைகூட இல்ல, தெரியுமா?" என்றான் என்னிடம். "நல்லவேள, தங்கச்சி ஒரு பானை போட்டு வச்சிருந்தா. இல்லன்னா மானமே போயிருக்கும்!"

பங்குச் சாமியார் கோப்பையை உற்றுப் பார்த்தார். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. "டிம்ப்னா போட்ட டீன்னா டீதான்" என்றார். "என்னமோ ஒரு கனம் இருக்கு."

"இன்னொரு கப் ஊத்தட்டுமா, சாமி?"

"பாதி போதும்ப்பா. சரி, நெறச்சே குடு."

ஜெரால்டின் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, விழுங்கினாள். "ஏழு வருஷத்துல இப்படி ஒரு டீ நான் குடிச்சதே இல்ல." அதில் பொய் ஒன்றுமில்லை.

காலிப் பானையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். டிம்ப்னா கையை விரித்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏசு மரி சூசையே! குடிச்சிட்டாங்களா? எல்லாத்தையுமா?"

"சாமி ரெண்டு கப்."

"என் முன்பக்கத்தையே குடிச்சிட்டாங்களேடி!"

டீப்பை வாங்கலாமென்றால் கடை ஆறு மணிக்கே மூடிவிட்டது. காலையில் கன்னத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயத்தைத் தடவிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது வழக்கம்போல மழை; காற்று கடல் பக்கமிருந்து நேராக முகத்தில் அடித்தது. பின்னால் பாட்ஸி குடை பிடித்தான். முன்னால் பிடிக்கவேண்டும் என்று அவனுக்கு யார் சொல்வது? அந்த ஒற்றைப் பூச்சு கழுத்து வழியாகக் கோடு கோடாக இறங்கி, இளநீல உடுப்பில் சொட்டியது. சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஜெரால்டின் பளபளவென்று நின்றாள். அவள் பக்கத்தில் இரண்டு புருவமும் ஒரு கைப்பையும்.

டிம்ப்னா அழவில்லை. காரை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். படமெடுப்பவன் என்ன நினைத்தானோ, பின்னாலிருந்து ஒன்று எடுத்தான்.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்கவேண்டும். சாம்பல் நிறத் தெரு, சாம்பல் நிறக் கடல், நடுவில் ஒரு முதுகு. ஸ்பெயினின் ஏழு வருட வெயில் அதன் காலில் விழவேண்டும். கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் வந்து, அதைக் கையில் எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது யாரு?"

"நான்தான்" என்றாள் டிம்ப்னா. "தோட்டத்துல பத்து நிமிஷம் உக்காந்தேன்." சொல்லிவிட்டு இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்குமுன் உங்கள் சோப்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்தவுடன், யாருக்கும் அனுப்புமுன், முகத்தை ஒரு சுற்று வெளுப்பாக்கும் அந்தப் பொத்தானை அழுத்துவது யார்? பக்கத்து வீட்டுக்காரியா? "நான் ஒண்ணும் போடல, வெறும் கடலை மாவுதான், இயற்கை" என்று போன வாரம் சொன்னது யார்?

நான் உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. போன மாதம் என் பையிலிருந்து ஒரு முகக் களிம்புக் குழாய் உருண்டு விழுந்தது. விருதுநகரிலிருந்து அண்ணி அனுப்பியது. குங்குமப்பூ, அதிமதுரம், இயற்கை. டிம்ப்னா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்குடி?"

"வெயிலுக்கு" என்றேன்.

அவள் சன்னலைப் பார்த்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குழாயை என் பையில் போட்டு, பையின் வாயையும் மூடிவிட்டாள்.

இப்போது சலவை அறை அலமாரியில் அவளுடைய டீப் பூச்சு பாட்டில் மேல்தட்டில் இருக்கிறது, என் குழாய் கீழ்த்தட்டில். அவள் சுவர் நிறத்திலும் நான் என் நிறத்திலும் இருக்கிறோம். வரும் சனிக்கிழமை ஓட்டலில் ஒரு கல்யாணம்.