புகை போட்ட காப்பி

எனக்குத் தலைவலி வந்ததும் எழுத்து வந்ததும் ஒரே வருஷத்தில்தான். இரண்டையும் கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடத்து விடுதி. எங்கள் வம்சத்தில் அதுவரை யாரும் பேனா பிடித்ததில்லை. காலையில் எழுந்து காப்பி குடித்ததும் இல்லை. (நீராகாரம் குடித்தார்கள். தலைவலி இல்லாமல் எண்பது வயது வரை இருந்தார்கள்.) விடுதி அம்மாள் பித்தளை வடிகட்டியில் டிகாஷன் இறக்கி, அப்போதே கறந்த பாலைக் காய்ச்சி, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்த காப்பியை ஏழு வருஷம் குடித்தேன். அதற்குள் நான் மற்ற மனிதர்களைப் போல அல்ல என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். படித்தவள் என்பதற்கு அத்தாட்சிப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. அதை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள்? "காப்பி இல்லாவிட்டால் எனக்குத் தலை வலிக்கும்" என்று சொன்னால் உடனே தெரிந்துவிடும் அல்லவா?

இந்த அகம்பாவத்தோடுதான் பத்தொன்பதாம் வயதில் கப்பலேறி மலாயாவில் ஜொகூருக்கு வந்தேன்.

ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே என் அண்ணனுக்குப் புகைக்கூடத்தில் வேலை. மரத்துப் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, அந்த ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடம் அது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் இல்லை. "என் தங்கச்சி படிச்சவ" என்று அண்ணன் ஆபீசுத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியை நச்சரித்து, மூன்று மாதத்துக்கு மட்டும் எனக்கு அந்த வேலையை வாங்கியிருந்தான். மூன்று மாதம் முடிந்ததும் துரை வந்து பார்ப்பார். பிடித்தால் பள்ளிக்கூடம் நடக்கும். பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள், என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பையன்கள் களையெடுக்கப் போவார்கள், பெண்கள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போவார்கள். நான் ஊருக்குத் திரும்பி, "வெளிநாடு போய் வந்தவள்" என்ற பட்டத்தோடு கல்யாணச் சந்தையில் நிற்பேன்.

ஆகவே என் கவலையெல்லாம் பள்ளிக்கூடத்தைப் பற்றி இருந்திருக்க வேண்டும். இருந்தது காப்பியைப் பற்றி.

ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி கப்பலிலேயே தீர்ந்துவிட்டது. கூட வந்தவர்களுக்குக் காப்பி என்றால் என்னவென்று காட்டுவதற்காக நானே தானம் செய்து தீர்த்தேன். முதல் நாள் காலையில் அண்ணி ஒரு பீங்கான் மங்கில் பாலில்லாத தேத்தண்ணி நீட்டினாள்.

"காப்பி இல்லையா அண்ணி?"

"இருக்கே. டவுன்ல சீனக்கடைல இருக்கு. மூணு மைல் நடந்தா குடிக்கலாம்."

"மூணு மைலா?"

"போக மூணு, வர மூணு. வந்ததும் மறுபடி குடிக்கணும்போல இருக்கும். காலைல ஆள் கணக்கெடுக்கப் பெரட்டு மணி அடிக்கிற வரைக்கும் நடந்துகிட்டே இருக்கலாம்."

நடந்தேன். (முதல் சனிக்கிழமை மட்டுமல்ல, அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும்.) சீனக்கடையில் காப்பிக்கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் போட்டுக் கரியாகும்வரை வறுத்து, நீளமான துணிப்பையில் கொட்டிக் கொதிநீர் ஊற்றி, டப்பாப் பால் விட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துணிப்பையைப் பார்த்ததும் எனக்குக் காலுறை ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தபின் எப்படிக் குடிப்பது? பணத்தைக் கொடுத்துவிட்டுக் குடிக்காமல் எழுந்தேன். கடைக்காரர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கோப்பையை எடுத்துத் தானே குடித்தார்.

பக்கத்தில் நாகூர்ப் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். நம் பக்கத்து மனிதர், இவருக்குத் தெரியும் என்று போய், பசும்பால் காப்பி உண்டா என்று கேட்டேன்.

"பசும்பாலா? இந்த ஊர்ல பால் மரத்துலேருந்து வருது, டப்பாவுலேருந்து வருது. மாட்டுலேருந்து வந்து நான் பார்த்ததில்லை தங்கச்சி."

"எங்க லயத்து வீடுகள்ல ரெண்டு பேர் மாடு வச்சிருக்காங்களே!"

"அப்ப பால் இருக்கு, பொடி இல்லை. என்கிட்ட பொடி இருக்கு, பால் இல்லை. உட்காருங்க, டீ போடறேன்."

அவருடைய பொடியை முகர்ந்து பார்த்தேன். சீனக்கடையிலேயே வாங்கியதுதான்.

ஆயர் ஈத்தாமில் கும்பகோணத்துக்காரர் ஒருவர் அசல் காப்பி போடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் போனேன். லாரி மாதிரி ஒரு பஸ்ஸில், ஒரு கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு (கூண்டு என்னுடையதல்ல), எலும்பெல்லாம் கழன்று போய் இறங்கினால், கும்பகோணத்துக்காரர் போன மாதமே கடையை விற்றுவிட்டுப் போயிருந்தார். வாங்கியவர் கொடுத்ததைக் குடித்தேன். ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர் என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

இப்படியே இரண்டரை மாதம். கால் வீங்கியது, தலை வலித்தது, வெயில் சுட்டது, மழை நனைத்தது. நான் காப்பி தேடுவது தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெரிய கிராணிக்கும் தெரிந்தது. அவர் யாழ்ப்பாணத்து மனிதர். ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், வாற கிழமை துரை பள்ளிக்கூடம் பாக்க வாறார். பாடம் கேட்டு முடிய ஒரு நல்ல கோப்பி குடுத்தா மனுசன் கொஞ்சம் இளகுவார். நானும் ஒரு வாய் குடிப்பன். ஆனா இஞ்ச நல்ல கோப்பிக்கு எங்க போறது?"

"கவலைப்படாதீங்க ஐயா. நான் பார்த்துக்கறேன்."

இதைச் சொன்னது என் வாய்தான். எனக்குச் சம்பந்தமில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணியோடு டவுனிலிருந்து திரும்பும்போது, கம்பத்து (மலாய்க்காரர் கிராமத்து) ஓரத்தில் ஒரு மலாய்க்காரம்மாள் வீட்டு வேலிக்குள் அந்த மரத்தைப் பார்த்தேன். கரும்பச்சை இலை, கொம்பெல்லாம் சிவப்புப் பழம். என் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருந்தது! அடியில் ஒரு வாக்கியமும் உண்டு. எனக்கு மனப்பாடம்: பழத்தின் விதையை எடுத்து, வறுத்து, பொடி செய்து, காப்பி தயாரிக்கிறார்கள். அவ்வளவுதான். மூன்றே வேலை. இதற்காகவா இத்தனை மைல் நடந்தேன்?

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஒரு கூடை நிறையப் பறித்துக் கொடுத்தார். கூடவே கையை நீட்டி வெயிலைக் காட்டி நிறையச் சொன்னார்.

"என்ன சொல்றாங்க அண்ணி?"

"முதல்ல காயவைக்கணுமாம். ரெண்டு வாரத்துக்கு மேலேயே வெயில்ல போட்டுக் கிளறிக்கிட்டே இருக்கணுமாம்."

"புஸ்தகத்துல அப்படி இல்லை."

"அவங்க புஸ்தகம் படிக்கலை தனம். மரம்தான் வளர்த்திருக்காங்க."

படிக்காதவர்களோடு வாதம் செய்வதில்லை என்று வைத்திருந்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து நாலு விதையைப் பிதுக்கி வாணலியில் போட்டபோது அவை வறுபடவில்லை, வெந்தன. பயறு வேகிற வாசனை வந்தது. சரி, கொஞ்சம் காயத்தான் வேண்டும்போல. வெளியே பார்த்தேன். மழை. மறுநாளும் மழை. துரை வர ஆறு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் என் படித்த மூளை வேலை செய்தது.

"புகைக்கூடத்துலயா?" என்று அண்ணன் வாயில் வைத்த சோற்றோடு கத்தினான். "உனக்குக் கிறுக்கா? துரைக்குத் தெரிஞ்சா என்னையே மூங்கில்ல தொங்கவிட்டுப் புகை போடுவாரு!"

"அங்க ஷீட்டு காயுதில்லையா அண்ணே? ஷீட்டு காயிற இடத்துல விதை காயாதா? சூடு சூடுதானே?"

அண்ணன் யோசித்தான். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதன். அந்த நம்பிக்கையைக் கெடுப்பதற்காகத்தான் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தி படிக்க வேண்டியிருந்தது.

விதைகளைப் பிதுக்கி, வழவழவென்று சாறு ஒழுக ஒழுகச் சாக்கில் கட்டி, உச்சி மூங்கிலில் தொங்கவிட்டோம். கீழே வரிசை வரிசையாகத் தேன் நிறத்தில் ஷீட்டுகள். மூட்டை தூக்க எனக்குத் துணைக்கு வந்தது என் பள்ளிக்கூடத்து அஞ்சலை. ஒன்பது வயது, என் முதல்தர மாணவி. எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில், வரிசைப்படி, உள்ளதை உள்ளபடி பதில் சொல்ல வேண்டும் என்று நான் பழக்கி வைத்திருந்தேன். அதற்காக எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாலாம் நாள் விதை காய்ந்துவிட்டது. இடித்துப் புடைத்து, வறுத்து, அரைத்து, லயத்து மாட்டில் கறந்த பாலையும் வாங்கி வைத்துக்கொண்டேன். வீடெல்லாம் ஒரு வாசனை. ஏதோ சரியில்லை என்று மூக்கு சொன்னது. ஆனால் புகைக்கூடத்துக்காரன் வீட்டில் எப்போதும் அதே வாசனைதானே?

துரை வந்தார். வரும்போதே முகம் சிவந்திருந்தது. பின்னால் பெரிய கிராணி, அதற்கும் பின்னால், தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் அண்ணன். அவன் எதற்கு வருகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய கிராணி என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்:

"புகைக்கூடத்தில ஷீட்டெல்லாம் பழுப்புப் புள்ளி. ஒரே பிசுக்கு, எறும்பு வேற. காலமையிலயிருந்து கேக்கிறார், ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை. உம்மட அண்ணருக்கு இண்டையோட வேலை போகப்போகுது. கோப்பியைக் கெதியாக் கொண்டாரும்!"

சொட்டியிருக்கிறது. நாலு நாளும் சாறு சொட்டியிருக்கிறது. அண்ணனைப் பார்த்தேன். வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினான். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதன் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றான். ஏழு வருஷம் படித்த நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

துரை காப்பியை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். விழுங்கினார். கோப்பையை மூக்குக்குக் கொண்டுபோனார். ஜன்னல் வழியாகப் புகைக்கூடத்தை வெகுநேரம் பார்த்தார். பெரிய கிராணியும் ஒரு வாய் குடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னம் உப்ப நின்றார்.

"இது என்ன?" துரைக்குத் தமிழ் தெரியும், திட்டுவதற்கென்று கற்றுக்கொண்ட தமிழ்.

"காப்பி, துரை."

"எப்படி செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். இங்கிலீஷும் தமிழும் தொண்டையில் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளின. அதற்குள் முன்வரிசையில் அஞ்சலை எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"காப்பி செய்யும் முறை. முதலில் பழத்தைப் பறிக்க வேண்டும். இரண்டாவது, விதையைப் பிதுக்க வேண்டும். மூன்றாவது, சாக்கில் கட்டிப் புகைக்கூடத்தில் ஷீட்டுக்கு மேலே தொங்கவிட வேண்டும். நான்காவது, யாரிடமும் சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காக என்னைப் பார்த்தாள்.

பெரிய கிராணி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டார். எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "நான்தான் செஞ்சேன் துரை. அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கலை."

துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார்.

"காலையில இருந்து நான் கேக்கறேன். கங்காணி தெரியாது, கிராணி தெரியாது, எல்லாம் தெரியாது துரை, தெரியாது துரை. இந்தக் குட்டி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு சொல்லுது. யார் சொல்லிக் குடுத்தது?"

"டீச்சர் சொல்லிக் கொடுத்தார்கள், துரை" என்றாள் அஞ்சலை, முழு வாக்கியத்தில்.

துரை எழுந்தார். கோப்பையை என் மேஜைமேல் வைத்தார்.

"ஸ்கூல் இருக்கட்டும். காப்பி வேணாம்."

அண்ணனுக்கு வேலை போகவில்லை. ஆனால் புள்ளி விழுந்த ஒவ்வொரு ஷீட்டையும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி மறுபடி புகைக்குத் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு. தேய்க்க வேண்டியது டீச்சர். நான்கு சனிக்கிழமை தேய்த்தேன். அந்தச் சனிக்கிழமைகளில் காப்பி தேட நேரமில்லை. தலைவலியும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சீனக்கடைக் காலுறைக் காப்பிக்கு வந்து சேர்ந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. (கடைக்காரர் முதல் ஒரு வருஷம் நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார்.) பெரிய கிராணி எங்கள் வீட்டில் எதைக் குடிக்கக் கொடுத்தாலும், முதலில் இரண்டு கையாலும் ரப்பரை இழுத்துப் பார்ப்பதுபோல் இழுத்துக் காட்டிவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். அஞ்சலை இப்போது சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நான்காவது விதியை மட்டும் அவளுக்கு நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து, அண்ணியோடு ஊருக்குப் போயிருந்தபோது பழைய விடுதிக்கும் போனேன். அதே அம்மாள், அதே பித்தளை வடிகட்டி, அப்போதே கறந்த பால். கனவில் குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கையில் கொடுத்தார். கண்ணை மூடி ஒரு மடக்குக் குடித்தேன். இன்னொரு மடக்குக் குடித்தேன்.

"ஏதோ குறையுதே அம்மா" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

விடுதி அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது. "என்ன குறையுது? சர்க்கரையா?"

அண்ணி டம்ளரைக் கீழே வைக்காமல், என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்:

"புகை."