சேனைக்கிழங்குக்குச் சிவப்பு ஒயின்

சேசு மரி சூசை

விழுப்புரம்
14-5-1938, சனிக்கிழமை

என் பேரில் எப்போதும் பட்சம் வைத்திருக்கிற சித்தி அவர்களுக்கு, அமலோற்பவம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் அப்பாவும் அம்மாவும் நானும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். தெரசு அக்காவைச் சேர்த்துச் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அவ்விடம் நீங்களும் சித்தப்பாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். திண்டிவனத்திலிருந்து நீங்கள் ரயில் கார்டிடம் கொடுத்தனுப்பிய கோழி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைத் தெரிவிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை மட்டும் தெரிவித்தால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் ஐந்தாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தேவசகாயம் மாமா திங்கட்கிழமை புதுச்சேரியில் சைகோன் கப்பல் ஏறுகிறார். அக்காவைக் கட்டிய மாசமே பட்டாளத்துக்குப் போனவர் மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தார். லீவு முடிகிற நேரத்தில் அக்காவைத் துணிமூட்டையோடு இங்கே அழைத்துவந்து, தானும் ஒரு வாரம் தங்கினார். அந்த மூட்டையைப் பார்த்ததுமே மறுபடியும் மூன்று வருஷத்துக்கு இவளை அப்பா வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. அங்கே பெண்சாதியை வைத்துக்கொண்டிருக்கிற சிப்பாய்கள் இருக்கிறார்களாம். மாமா அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வாய் அதிகம். லீவில் வந்த புதிதில் மாமா கடலில் புயல் அடித்ததைச் சொன்னபோதுகூட, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனவள்.

மாமா சைகோனில் கப்பித்தான் என்கிற பட்டாளத்துத் துரை ஒருவர் வீட்டில் வேலையாய் இருந்தாராம். அந்தக் கப்பித்தானும் அவர் சம்சாரமும் ராத்திரியில் மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றி, இரண்டே பேராய் உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். மீனுக்கு வெள்ளை ஒயின், கறிக்குச் சிவப்பு ஒயின். வெள்ளை சில்லென்று இருக்க வேண்டும், சிவப்பு அப்படி இருக்கக் கூடாது. மாற்றி வைத்தால் அந்த அம்மாள் முகம் சுளிப்பாள். இதை மாமா சொன்ன ராத்திரியிலிருந்து அக்கா தூங்கவில்லை. அப்படி ஒரு நாள் சாப்பாடு போட்டுவிட்டால், இவளைச் சைகோனுக்கு அழைத்துப்போனால் வெட்கக்கேடு இல்லை என்று மாமாவுக்குத் தோன்றும் என்பது அவள் கணக்கு. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதான் ஜங்ஷனில் ராத்திரி டூட்டி. அம்மாவைப் பக்கத்து வீட்டு ஜெபத்துக்கு அனுப்பிவிடலாம். இதற்குத்தான் உங்களிடம் கோழி கேட்டு எழுதினோம். ஒயின் வாங்குகிற வேலை எனக்கு வந்தது.

இப்போது ஒரு வண்டி வந்த சத்தம் கேட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கூட்ஸ் வண்டி.

புதுச்சேரியிலிருந்து தினம் மீன் கொண்டுவருகிற பொன்னியக்காவிடம்தான் கேட்க வேண்டும். இரண்டு நாள் காலையில் அவள் கூடைக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் அவளே, "என்னாடி, மீனு கண்ணையே பாத்துக்கினு நிக்கற? அதுவும் உன்னாட்டம்தான், பேசாது" என்றாள். நான் காதில் சொன்னேன். அவள் தெருமுனை வரைக்கும் கேட்கிறாற்போல், "ஒயினா? உங்க ஊட்ல யாருக்குடி ஒயினு?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் பூசைக்கு என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் சாமியார் எப்போது பூசை வைக்கிறார் என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாட்டில்கள் வந்தன. சுங்கக்காரர் கண்ணில் படாமலிருக்க மீனுக்கு அடியில் புதைத்துக் கொண்டுவந்ததில் மேலே ஒட்டியிருந்த காகிதம் ஊறிக் கழன்றுவிட்டது. இரண்டும் ஒரே கரும்பச்சைப் பாட்டில். வெயிலில் தூக்கிப் பார்த்தோம், ஆட்டிப் பார்த்தோம், தெரியவில்லை. அக்கா கண்ணை மூடி ஜெபம் சொல்லி ஒன்றைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்றாள். அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம். மற்றது சில்லென்று ஆகிவிடுமோ என்று பயந்து அடுப்பின் ஓரமாய் வைத்தோம். சித்திரை வெயிலில் எங்கள் வீட்டில் எதுவும் சில்லென்று ஆகாது என்பது அப்போது தோன்றவில்லை.

அப்புறம் அக்கா கோழியைப் பிடித்தாள். அம்மா ஓடி வந்து அவள் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி, "இன்னிக்கி என்னா கெழமைடி?" என்றாள்.

சித்தி, வெள்ளிக்கிழமை. பிறந்தது முதல் வெள்ளிக்கிழமையில் கறி தொடாத எங்களில், அப்பாவின் டூட்டியை நினைத்துக்கொண்டிருந்ததில் ஒருத்திக்கும் ஞாபகம் வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். மீன் குற்றமில்லை, அதற்கு வெள்ளை இருக்கிறது, சிவப்புக்கு என்ன செய்வது என்று அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பெரிய நோன்பு காலத்தில் கறிமசாலா போட்டுச் சேனைக்கிழங்கு வறுத்தால் அப்பா கறி என்றே சாப்பிடுவார், அதையே செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். கிழங்கு வாங்கி வந்து நானே நறுக்கினேன். ஆனால் வீட்டிலிருந்த புளியெல்லாம் மீன்குழம்புக்குப் போய்விட்டதால், கிழங்கை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்தோம்.

மேசைக்கு மாமாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்க்காமல் அப்படியே வைத்து வெள்ளை வேட்டி விரித்தோம். மெழுகுதிரிக்கு, திருநாளில் சாமியார் மந்திரித்துக் கொடுத்து, அம்மா கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்ததை எடுத்தோம். பொழுது சாய்ந்து மாமா உள்ளே வந்தார். சாகிறவர்கள் தலைமாட்டில் ஏற்றுகிற அந்த மெழுகுதிரியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலில் நின்று, "யாருக்கு என்னா ஆச்சி?" என்று மெல்லக் கேட்டார்.  நான் அடுப்பங்கரையிலிருந்து, "யாருக்கும் ஒண்ணும் ஆவல மாமா, சோறுதான்" என்றேன். இந்த வாரத்தில் நான் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.

பாட்டிலைப் பார்த்ததும் அவர் ஆளே மாறிப்போனார். சட்டைப்பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துத் தக்கையைச் சத்தமில்லாமல் கழற்றினார். தோளில் துண்டைப் போட்டு, அக்காவுக்குக் கண்ணாடி கிளாசில் ஊற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் விறைப்பாய்ப் போய் நின்றுகொண்டார். கப்பித்தான் வீட்டுப் பழக்கம். அக்கா மூன்று தடவை கெஞ்சிய பிறகுதான் உட்கார்ந்தார். கிணற்றிலிருந்து வந்தது சிவப்பு. அடுப்பங்கரையில் வெந்து கிடந்தது வெள்ளை. மாமா வெந்நீராய் இருந்த வெள்ளையை மீனோடு ஒரு வாய் குடித்து, கண்ணை இறுக மூடித் திறந்தார்.  

பிறகு அக்கா சேனைக்கிழங்கைப் பரிமாறினாள். முதலில் மாமா தொண்டையைக் கனைத்தார். பிறகு அக்கா கனைத்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் கழுத்தைச் சொறிந்துகொண்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். என் கையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. புளி போடாத கிழங்கு சும்மா விடுமா? தண்ணீர் அரிப்பை அடக்கவில்லை. சிவப்பு ஒயின் நல்ல புளிப்பாம், அது அடக்கியது. அக்கா ஒரு கிளாஸ் குடித்தாள். அப்புறம் இன்னொன்று. பாட்டிலில் பாதி அரிப்புக்கே போய்விட்டது. அவள் முகம் சிவந்து, தலைமுக்காடு நழுவி, பேச ஆரம்பித்தாள். சித்தி, நம் அக்காவா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"மூணு வருசம் உங்க பேரச் சொல்லி ஜெபமால உருட்டினேன். நீங்க என்னான்னா என்ன மூட்டையாட்டம் எறக்கி வெச்சிட்டுப் போறீங்க. எங்க அப்பா ஜங்ஷன்ல மூட்ட தூக்கறவரு. ஒரு மூட்டைக்குக்கூட அது எங்க போவுதுன்னு சீட்டு ஒட்டித்தான் ஏத்துவாங்க. எனக்கு அந்தச் சீட்டுகூட இல்லியா?"

மாமா கிளாசைக் கீழே வைத்தார். எழுந்தார். வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அங்கேயே சுருண்டு தூங்கிப்போனாள்.

காலையில் நாங்கள் எழுந்திருக்குமுன் அவர் புறப்பட்டுவிட்டார். இருட்டில் தொப்பியைத் தலையில் வைத்தபோது, உங்கள் கோழி அதில் இட்டிருந்த முட்டை உடைந்திருக்க வேண்டும். உடைந்த ஓடு வாசலில் கிடக்கிறது. பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார். அது போகட்டும், பூசைக்குப் போக அக்கா புடவை தேடினால் அவள் துணிமூட்டையே காணோம். தான் வாங்கிக்கொடுத்ததைக்கூடத் திருப்பிக்கொண்டு போகிற மனுஷர் என்று நான் நினைக்கவேயில்லை. அக்கா அம்மாவின் பழம்புடவையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். வாய் திறந்ததால் வந்த வினை என்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் இனிமேல் யாரிடமும் பேசுவதாயில்லை.

ஆகையால் சித்தி, இந்தக் கடிதம் கண்டதும் நீங்கள் புறப்பட்டு வந்து, அக்காவைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே கன்னியர் மடத்தில் தையல் வேலை கிடைக்குமா என்று சித்தப்பா விசாரிக்கட்டும். தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சித்தப்பாவுக்கு என் தோத்திரம். நம் எல்லோரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அழுகையோடு,
அமலோற்பவம்

பின்குறிப்பு: சித்தி, வர வேண்டாம். மாமா சாயங்கால வண்டியில் வந்துவிட்டார். அக்காவை அழைத்துவர உத்தரவு சைகோனிலேயே வாங்கிக்கொண்டுதான் லீவில் வந்தாராம். புயல் கதைக்கு அவள் சிலுவை போட்டதைப் பார்த்து, பயப்படுகிறவளை எப்படி இழுத்துக்கொண்டு போவது என்று சும்மா இருந்துவிட்டாராம். "நீ ஒரு வார்த்த கேக்கலியே" என்றார். கப்பலுக்குச் சாமான் ஒப்படைக்க இன்றுதான் கடைசி நாளாம். அதனால் அவள் மூட்டையையும் தன் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அக்கா கப்பலேற அம்மாவின் பழம்புடவைதான் இருக்கிறது, நாளைக்குள் நல்லதாய் ஒன்று கொடுத்தனுப்பவும். மாமா கப்பித்தான் வீட்டில் பாட்டில் தூக்கினாரே தவிர, ஒயினை நேற்றுதான் முதல்முதலாய்க் குடித்தாராம், இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லையாம். மிச்சத்தை அம்மா புளிக்குப் பதிலாய்க் குழம்பில் ஊற்றிவிட்டாள். தொப்பியில் முட்டையிட்ட கோழியை அறுக்கக் கூடாது என்று மாமா உத்தரவு, அதனால் இந்தக் கடிதத்தோடு அதையும் இன்று ராத்திரியே அதே கார்டிடம் திருப்பி அனுப்புகிறேன். மேலே உள்ளதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் வீட்டில் வேறு காகிதம் இல்லை. உள்ளே வந்ததும் மாமா அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். கப்பல் சீட்டு. "மூட்டைக்குச் சீட்டு ஒட்டியாச்சி தெரசு" என்றார். அக்கா வாயே திறக்கவில்லை. யாரிடமும் பேசுவதாயில்லை என்று மேலே எழுதிய நான்தான் அவளுக்காக, "பரவாயில்ல மாமா" என்று சொன்னேன்.