கமிட்டி ஏறிய பெட்டி

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில், ஒரு மனிதனை அவனுடைய சொந்தக் கருத்தோடு நிம்மதியாக இருக்க விடாத ஒரே பிறவி கமிட்டிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்கள் பெட்டியில் அதை யாரும் கேட்டதில்லை.

பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலை. ஒல்லியான பெண், தோளில் தன்னைவிடப் பெரிய பை. ஒருநாள் ஜன்னலை மூடுவதா திறப்பதா என்று பெட்டியில் சண்டை வந்தது. புதிதாக ஏறிய இவள் எழுந்து நின்றாள்.

"கத்தாதீங்க. ஒரு கமிட்டி போட்டுக்கலாம். மூடணும்னு சொல்றவங்க தொறக்கறதுக்காகப் பேசுங்க. தொறக்கணும்னு சொல்றவங்க மூடறதுக்காகப் பேசுங்க."

"இன்னாம்மா இது, தலகீழா?"

"அடுத்தவங்க பக்கம் பேசத் தெரியலன்னா, உங்க பக்கமும் உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம், அங்கிள்."

அந்த 'அங்கிள்' நான்தான். பங்காருப்பேட்டை வரும்வரை காற்றோட்டத்தின் பெருமையைப் பேசினேன். அன்று முதல் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்பவன் நான். இந்த மாற்றம் எனக்குள் எப்படி நடந்தது என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிடிபடவில்லை.

இன்னொரு நாள், எதிர் சீட்டுக்காரர் போனைத் தூக்கிக் காட்டினார். "நம்ம ரயில நிறுத்தப் போறாங்களாம்!" பெட்டியே அலறியது. சாலை மறியல் செய்யலாம் என்று பையன்கள் அங்கேயே நாள் குறித்தார்கள். கமிட்டி மட்டும் கேட்டாள்:

"உங்களுக்கு யார் அனுப்புனது?"

"என் மச்சான்."

"மச்சானுக்கு?"

மச்சான் அடுத்த பெட்டியில் இருந்தார். அடுத்த ஸ்டேஷனில் அவள் இறங்கி அங்கே ஏறினாள். மறியல் பையன்களும் பின்னாலேயே போனார்கள். மச்சானுக்கு அனுப்பியவர் அதற்கும் அடுத்த பெட்டி. ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் ஊர்வலம் சுற்றிக்கொண்டு எங்கள் பெட்டிக்கே திரும்பிவிட்டது. கடைசி ஆள் விரல் நீட்டிக் காட்டியது, எங்கள் எதிர் சீட்டுக்காரரை. போன மழைக்காலத்தில் அவரே அனுப்பிய செய்தி, ஊரெல்லாம் சுற்றி அவரிடமே வந்து அவரையே பயமுறுத்தியிருக்கிறது.

"மொதல்ல உங்களுக்கு யாருங்க சொன்னது?"

அவர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "சொல்லிக்கினாங்கம்மா."

இதெல்லாம் ரயில் விளையாட்டு. ஹால் விஷயம் அப்படியில்லை.

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் கோடியில், சுரங்கம் ஓடிய காலத்து ஹால் ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு மட்டும் திறப்பார்கள். சாவி சாமியானாவிடம். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒற்றை அறை வீடுகளில் டிவிக்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், சாயங்காலம் ஹாலைத் திறந்துவிடச் சொன்னார்கள். சாமியானா முடியாது என்றார். பக்கத்து லைன்காரியான கமிட்டியும் அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரயிலில் நின்றபடியே படிப்பாள். அந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்தவர்களும் மாரியம்மன் கோயிலிலிருந்து வந்தவர்களும் ஹாலில் கூடினோம். கல்யாணமா, படிப்பா என்று கை தூக்கி முடிவெடுப்பதாக ஏற்பாடு. கமிட்டி தன் விதியைப் போட்டாள். சாமியானா சிரித்தார்.

"நான் படிப்புக்காகப் பேசறதா? சரி, கேட்டுக்கோங்க. படிப்பு ரொம்ப நல்லது. போதுமா?"

"போதாது. நம்பறமாரி பேசுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "எம்பொண்ணு கதவாண்ட ஒக்காந்து படிக்குது. போறவன் வர்றவன் காலெல்லாம் புத்தகத்து மேல. டிவிய அமத்துன்னு சொன்னா எங்கம்மா சோறு துன்னமாட்டேங்குது. ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல நான் இன்னா பண்றது? அதுக்கு ஒரு எடம்..." நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து கமிட்டி, கல்யாணத்துக்காக.

"பெங்களூர் மண்டபத்துல கேக்கற வாடகைக்கு நம்ம ஜனங்க ஊட்ட விக்கணும். இந்த ஹால் இருக்கறதாலதான் இந்த லைன்ல பொண்ணப் பெத்தவங்க தலைநிமிந்து பத்திரிகை வெக்கறாங்க. இங்க ஒக்காந்திருக்கறவங்கள்ல பாதிப்பேருக்கு இங்கதான் கல்யாணம். மீதிப்பேரு அந்தக் கல்யாணத்தால பொறந்தவங்க."

கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். கை தூக்கச் சொன்னபோது நடந்ததுதான் விநோதம். பெரியவர்கள் பலர், சாமியானா உட்பட, படிப்புக்குத் தூக்கினார்கள். கமிட்டி பக்கம் நின்ற, படிக்கிற பையன்களில் பாதிப்பேர் கல்யாணத்துக்குத் தூக்கினார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் கல்யாணம் ஜெயித்தது.

"இன்னாக்கா, நீயே கவுத்துட்டியே!" என்று பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொஞ்சம் மொக்கையா பேசியிருக்கலாமில்ல?"

"மொக்கையா பேசுனா அது ஏமாத்துறதுடா." முகத்தைத் திருப்பிக்கொண்டு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

வாசலில் சாமியானா மறித்தார். "நில்லும்மா. எல்லாரையும் கேள்வி கேக்கறியே, நாம ஓட்டுப் போட்ட கேள்விய கேட்டியா? கல்யாணமா, படிப்பான்னு. எவன் சொன்னான் ரெண்டுல ஒண்ணுதான்னு? ஆடி மாசம் பூரா என் சேருங்க தூங்குது."

"கேக்கல," என்று அவள் பையை இறக்கி வைத்தாள். அவள் மடங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் சாவியை நீட்டினார். வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டத்தைக் கூப்பிட்டு மறுபடி கை தூக்கச் சொன்னோம். இந்த முறை எதிர்க்கக் கையே இல்லை.

இன்று முகூர்த்தம் இல்லாத மாலைகளில் ஹால் திறந்திருக்கிறது. மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் இரண்டும் மேடையிலேயே கிடப்பதால், கணக்குப் பாடம் படிக்கிறவர்களுக்குத்தான் அது என்று ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. கமிட்டி அதில் உட்கார்ந்து படித்துத் தேர்வில் தேறி, தார்வாடு பக்கம் ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போய்விட்டாள். அந்த அலுவலகம் இப்போது என்ன பாடுபடுகிறதோ.

ரயிலில் இப்போது நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்கிறார்கள். பெங்களூர் முன்பைவிடத் தூரமாகிவிட்டது.